ஆறு ஆடினால் ஒன்றைக் கட்டு!
(பழைய லாரி எஞ்சினை எழுப்பிய அனுபவப் பாடம்)

இயந்திரவியல் பட்டயப் படிப்பு, மூன்றாம் ஆண்டு மாணவன்



நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் எப்படி வேலை செய்கிறது என்று கேட்டால் நம்மில் யாரும் தயங்க மாட்டோம். உறிஞ்சுதல், அழுத்தல், எரிதல், வெளியேற்றல் என்று படத்தோடு எழுதி மார்க் வாங்கிவிடுவோம். நானும் அப்படித்தான் வாங்கினேன். ஆனால் ஆறு வருடம் தூங்கிய ஒரு லாரி எஞ்சினுக்கு முன்னால் ஸ்பேனரோடு நின்றபோதுதான் எனக்கு எவ்வளவு தெரியும் என்பது தெரிந்தது. அந்தப் பாடத்தை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

எங்கள் ஊர் சங்ககிரிக்குப் பக்கம். லாரி இல்லாத தெரு எங்கள் பக்கத்தில் கிடையாது. சங்ககிரியும் நாமக்கல்லும் லாரிக்கும் பாடி கட்டுவதற்கும் பேர்போனவை. திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகள். எங்கள் அப்பாரு பண்ணையத்துக் கூலி. அப்பா நான்காம் வகுப்போடு நின்று, 13 வயதில் லாரிக்குக் கிளீனராகப் போனவர். பிறகு டிரைவர், பிறகு மெக்கானிக். 2004-ல் பழைய வண்டி ஒன்றைச் சொந்தமாக வாங்கினார். அது 1988 மாடல் டாடா 1210 எஸ்.இ. வீட்டை ஒட்டி ஒரு தகரச் செட் போட்டார். அதுதான் எங்கள் பட்டறை. என்னுடைய முதல் பள்ளிக்கூடமும் அதுவே.

வண்டி 2019-ல் நின்றது. எப்.சி.க்கு நிறைய வேலை இருந்தது, அதற்குப் பணம் இல்லை. 2022 ஏப்ரல் முதல் 15 வருடம் தாண்டிய வண்டிகளுக்கு எப்.சி. கட்டணமும் பல மடங்கு ஏறியது. அதே வருடம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை சரியாகப் பிடிக்காது. ஸ்பேனர் பிடித்த கை இன்று டம்ளர் பிடிக்கவே சிரமப்படுகிறது.

சென்ற கோடை விடுமுறையில் பழைய இரும்பு வியாபாரி ஒருவர் வந்தார். வண்டியைச் சுற்றி வந்து, "ஏனுங்க, கிலோ கணக்குல போட்டுக்கலாமுங்களா?" என்றார். அப்பா ஒன்றும் பேசவில்லை. அவர் போன பிறகு, "குடுத்துரலாம் கண்ணு. உம்பட கடைசி வருசப் பீசுக்கு ஆகும், பாப்பா பள்ளிக்கூடத்துக்கும் ஆகும்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "எஞ்சின் மட்டும் ஓடுச்சுன்னா இரும்பு விலைக்குப் போகாது. கம்ப்ரசருக்கு, ஜெனரேட்டருக்குக் கேக்கறவங்க இருக்காங்க. ஆனா யாரு எறங்கி வேலை பாக்கறது?" என்றார்.

"நான் பாக்கறேனப்பா" என்றேன். தைரியமாகத்தான் சொன்னேன். அவர் ஒரு பழைய ஆயில் டிரம்மைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். மூளை அவருடையது, கை என்னுடையது என்று ஏற்பாடு.

பேரிலேயே இருக்கும் கணக்கு

வேலையில் இறங்குவதற்கு முன் வண்டியின் பேரைப் பார்ப்போம். 1210 என்பதில் முதல் இரண்டு எண்கள் பாரத்தோடு சேர்ந்த மொத்த எடை, அதாவது 12 டன். அடுத்த இரண்டு எண்கள் குதிரைத்திறனைக் குறிப்பவை. 10 என்றால் ஏறத்தாழ 100. 1612 என்றால் 16 டன், ஏறத்தாழ 120 குதிரைத்திறன். எஸ்.இ. வண்டியில் போனட் பாதி வெளியே, பாதி கேபினுக்குள் இருக்கும். முழு மூக்கு வண்டிக்கும் மொட்டை மூக்கு வண்டிக்கும் நடுவில் ஒன்று.

எஞ்சினுக்கும் அப்படியே. எங்கள் வண்டி எஞ்சின் 692. ஆறு சிலிண்டர், 92 மில்லிமீட்டர் போர். ஸ்ட்ரோக் 120 மில்லிமீட்டர். நம் பாடக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு சிலிண்டருக்குக் கிட்டத்தட்ட 800 சி.சி. வரும். ஆறுக்கும் சேர்த்து சுமார் 4.8 லிட்டர். 697 என்றால் 97 மில்லிமீட்டர் போர், 497 என்றால் நான்கு சிலிண்டர். அப்பாவுக்கு வாய்பாடு தெரியாது. ஆனால் "அறுநூத்தித் தொண்ணூத்தி ரெண்டுக்கு தொண்ணூத்தி ரெண்டு பிஸ்டன்தான் வாங்கோணும்" என்று தெரியும். நான் காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டியபோது ஆச்சரியப்பட்டார். "இத்தனை வருசம் இதுக்குள்ள கணக்கு இருக்குதுன்னே தெரியாதே!" என்றார். அன்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறியது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அது ஒரு வாரத்தில் இறங்கியது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

பெரியவர்கள் இன்னும் டாடா வண்டியைப் 'பென்ஸ் வண்டி' என்பதற்கும் காரணம் உண்டு. 1954 முதல் 1969 வரை டாடா நிறுவனம் ஜெர்மனியின் டெய்ம்லர் பென்சோடு கூட்டுச் சேர்ந்துதான் லாரி செய்தது. மூக்கில் மூன்று முனை நட்சத்திரம் இருக்கும். சென்னை எண்ணூரில் 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், இங்கிலாந்தின் லேலண்டோடு சேர்ந்து 1955-ல் அசோக் லேலண்ட் ஆனது. அவர்களுடைய காமெட் வண்டி நம் பக்கத்தில் புகழ்பெற்றது. பெட்போர்டு, பார்கோ வண்டிகளும் ஓடின. அப்பாவின் மேஸ்திரி பழகியது அவற்றில்தானாம்.

தூங்கும் எஞ்சினை எழுப்பும் முறை

நண்பர்களே, நெடுநாள் நின்ற எஞ்சினுக்குப் பேட்டரியை மாட்டிச் சாவியைத் திருப்பினால் என்ன ஆகும்? ரிங் லைனரோடு துருப்பிடித்துப் பிடித்திருந்தால் ரிங் உடையும். பேரிங்கில் எண்ணெய் இல்லாமல் தேயும். ஆகவே அப்பா சொன்ன வரிசை இது.

1. முதலில் வடி. ஆயில் சம்ப்பின் பிளக்கை மெல்லத் தளர்த்த வேண்டும். தண்ணீர் எண்ணெயைவிடக் கனம். எனவே உள்ளே தண்ணீர் இறங்கியிருந்தால் முதலில் அதுதான் வரும். வந்தால் ஹெட் கேஸ்கட்டோ லைனர் சீலோ போயிருக்கலாம் என்று சந்தேகப்பட வேண்டும். எங்களுக்குக் கருப்பு ஆயில் மட்டும் வந்தது. அப்பா இடது கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

2. சிலிண்டரை நனை. ஆறு இன்ஜெக்டர்களையும் கழற்றி, அந்த ஓட்டை வழியாக ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் எண்ணெய் விட்டு, இரண்டு இரவு விட்டுவிட்டோம். பிறகு ஸ்டார்ட்டர் இல்லாமல், கிராங்க் முன்பக்க நட்டில் நீளக் கம்பி போட்டுக் கையால் சுற்ற வேண்டும். சுற்றவில்லையென்றால் பலவந்தம் கூடாது, மறுபடியும் எண்ணெய் விட்டுக் காத்திருக்க வேண்டும். மூன்றாம் நாள் காலையில் 'கிறீச்' என்று அசைந்தது. அந்தச் சத்தத்தை நான் மறக்க மாட்டேன்.

3. டீசல் வழியைச் சுத்தம் செய். டேங்கின் அடியில் தண்ணீரும் பாசி மாதிரி அழுக்கும் படிந்திருக்கும். டேங்கைக் கழற்றிக் கழுவி, பில்டர்களை மாற்றி, நாசில்களை டெஸ்டரில் போட்டுப் பார்க்க வேண்டும். டீசல் புகை மாதிரி சீராகத் தெளிக்க வேண்டும், சொட்டக் கூடாது.

4. பம்ப்பின் ரேக் அசைகிறதா பார். இது உயிர் போகும் விஷயம். இன்ஜெக்ஷன் பம்ப்பை எங்கள் பக்கத்தில் இன்றைக்கும் 'மைக்கோ பம்ப்' என்றே சொல்வார்கள். பெங்களூரில் 1951-ல் தொடங்கிய அந்த நிறுவனம் 2008-ல் பாஷ் என்று பெயர் மாறிவிட்டது, ஆனால் பேச்சில் மாறவில்லை. அந்தப் பம்ப்பின் உள்ளே டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ரேக் பல நாள் நின்றால் ஒட்டிக்கொள்ளும். முழு டீசல் நிலையில் ஒட்டிக்கொண்டிருந்தால், ஸ்டார்ட் ஆன எஞ்சின் வேகம் ஏறிக்கொண்டே போகும். சாவியை நிறுத்தினாலும் நிற்காது! டீசல் எஞ்சினுக்குத் தீப்பொறி தேவையில்லை அல்லவா? அதனால் அப்பா ஒரு பலகையை ஏர் இன்டேக் வாய்க்குப் பக்கத்திலேயே வைக்கச் சொன்னார். "ஓடிப் போச்சுன்னா பலகையை வெச்சு வாயை மூடு. கையை வெச்சுறாதே." காற்று இல்லையேல் எரிதல் இல்லை. இது எந்தப் பரீட்சையிலும் நான் எழுதாத பதில்.

5. ஏர் லாக் எடு. டீசல் குழாயில் காற்றுக் குமிழி இருந்தால் பம்ப் எவ்வளவு அழுத்தினாலும் குமிழிதான் நசுங்கும், நாசில் திறக்காது. பில்டர் மேலுள்ள பிளீடிங் திருகைத் தளர்த்தி, கைப் பம்ப்பை அடித்து, நுரை நின்று டீசல் சுத்தமாக வரும்போது இறுக்க வேண்டும். பிறகு பம்ப்பிலும் அதேபோல். கடைசியாக இன்ஜெக்டர் பைப் நட்டுகள்.

6. ஸ்டாப் கேபிளை இழுத்துப் பிடித்தபடி சுற்று. டீசல் போகாமல் ஸ்டார்ட்டரில் எஞ்சினைச் சுற்றவிட்டு, ஆயில் பிரஷர் முள் ஏறிய பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

இவற்றோடு, ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்கக் கூடாது, கட்டை கொடுக்க வேண்டும். செட்டின் கதவைச் சாத்திக்கொண்டு எஞ்சினை ஓட்டக் கூடாது. காற்று கேஜில் முள் ஏறாமல் வண்டியை நகர்த்தக் கூடாது. தொப்பூர்க் கணவாய் இறக்கத்தில் பிரேக் இல்லாமல் போன வண்டிகளைப் பார்த்தவர் என் அப்பா. இதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் மாறும்.

நான் செய்த தவறு

இனி என் தலைக்கனம் இறங்கிய கதை. ஐந்தாவது வேலை முடிந்து, ஸ்டார்ட் செய்வதற்கு முன் டேப்பட் கட்ட வேண்டியிருந்தது. வால்வுக்கும் ராக்கருக்கும் நடுவே மிகச் சிறிய இடைவெளி விட வேண்டும். வால்வு சூட்டில் நீளும், இடைவெளி இல்லையென்றால் முழுதாக மூடாது, கருகிவிடும். வெளியேற்றும் வால்வு அதிகம் சூடாவதால் அதற்கு இடைவெளி அதிகம். "இது எனக்குத் தெரியுமப்பா, பாடத்துல இருக்குது" என்றேன். அப்பா, "அப்ப நீயே கட்டு" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

புல்லியில் உள்ள குறியை முள்ளுக்கு நேராகக் கொண்டுவந்தேன். முதல் பிஸ்டன் மேலே வந்துவிட்டது என்று அர்த்தம். பில்லர் கேஜை நுழைத்தேன், நுழையவில்லை. இரண்டு வால்வும் இறுக்கமாக இருந்தன. திருகைத் தளர்த்தி இடைவெளி வைத்து, நட்டை முறுக்கி, பெருமையோடு நிமிர்ந்தேன்.

அப்பா வந்தார். கேட்டது ஒரே கேள்வி. "ஆறாவதைப் பாத்தியா?"

"ஒண்ணாவதுதானப்பா கட்டறேன், ஆறு எதுக்கு?"

"ரெண்டும் டைட்டா இருந்துதா?"

"ஆமா."

"அப்பவே தெரிஞ்சிருக்கோணுமே சாமி."

நண்பர்களே, தவறு எங்கே என்று கண்டுபிடித்தீர்களா? நான்கு ஸ்ட்ரோக் என்றால் கிராங்க் இரண்டு சுற்று. ஆகவே ஒரு பிஸ்டன் மேலே வருவது ஒரு முறை அல்ல, இரண்டு முறை! ஒன்று அழுத்தத்தின் முடிவில். அப்போது இரண்டு வால்வும் மூடியிருக்கும், புஷ் ராடை விரலால் சுற்றினால் சுற்றும். இன்னொன்று, வெளியேற்றம் முடிந்து உறிஞ்சுதல் தொடங்கும் இடத்தில். அப்போது ஒரு வால்வு மூடிக்கொண்டும் மற்றது திறந்துகொண்டும் இருக்கும். இரண்டுமே கொஞ்சம் அமுங்கியிருக்கும். நான் கட்டியது அந்த இரண்டாவது இடத்தில். பத்து மார்க் கேள்விக்கு நான் எழுதிய அதே பதில்தான் இது. ஆனால் இரும்பில் பார்த்தபோது தெரியவில்லை.

அப்படியே விட்டிருந்தால் இடைவெளி அளவுக்கு மேல் கூடி, டேப்பட் தட்டும் சத்தம் தெருமுனைக்குக் கேட்டிருக்கும். வால்வும் தேவையான அளவு திறந்திருக்காது.

பிறகு அப்பா தன் மேஸ்திரியிடம் கற்ற பாட்டைச் சொன்னார். பாட்டு என்றால் எண்கள்தான். "ஒண்ணு, அஞ்சு, மூணு, ஆறு, ரெண்டு, நாலு." இதுவே ஆறு சிலிண்டர் எஞ்சினின் பயரிங் ஆர்டர். அதோடு ஒரு சூத்திரம்:

ஆறு ஆடினால் ஒன்றைக் கட்டு.
இரண்டு ஆடினால் ஐந்தைக் கட்டு.
நாலு ஆடினால் மூன்றைக் கட்டு.
ஒன்று ஆடினால் ஆறைக் கட்டு.
ஐந்து ஆடினால் இரண்டைக் கட்டு.
மூன்று ஆடினால் நாலைக் கட்டு.

'ஆடுவது' என்றால் ஒரு ராக்கர் ஏற, மற்றது இறங்கும் நிலை. ஆறாவது சிலிண்டர் ஆடும்போது, அதன் ஜோடியான ஒன்றாவது அழுத்தத்தின் உச்சியில் நிற்கும். வரிசைக்கு வரிசை கிராங்கை 120 பாகை சுற்றினால் போதும். இரண்டு சுற்று 720 பாகை, அதை ஆறால் வகுத்தால் 120. இப்போது ஜோடிகளைக் கூட்டிப் பாருங்கள். ஆறும் ஒன்றும் ஏழு, ஐந்தும் இரண்டும் ஏழு, நாலும் மூன்றும் ஏழு! இதை நான் அப்பாவிடம் சொன்னேன். அவர் விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "மேஸ்திரிக்கே இது தெரியாதுடா" என்று சிரித்தார். நோய் வந்த பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அன்று முதல் ஒருவரை ஒருவர் மட்டம் தட்டாமல் வேலை செய்தோம்.

எழுந்தது!

பதினோராம் நாள் மாலை. அம்மா ரேடியேட்டர் மேல் விபூதி பூசி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தார். வண்டி நகரப் போவதில்லை என்று யாரும் சொல்லவில்லை. தங்கச்சி பலகையோடு இன்டேக் பக்கத்தில் நின்றாள். நான் சாவியைத் திருப்பினேன். இரண்டு முறை இருமியது. மூன்றாவது முறை வெள்ளைப் புகை கக்கிக்கொண்டு எழுந்தது. செட்டின் தகரம் எல்லாம் அதிர்ந்தது. பக்கத்து வீட்டுப் பாட்டி, "வண்டி வந்துருச்சா?" என்று வாசலுக்கே வந்துவிட்டார்.

எங்களுக்கு அது வெற்றி. ஆனால் அப்பா கையைத் தூக்கி எங்களை அமைதியாக்கினார். நல்ல கையை மட்கார்டின் மேல் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். "ஒண்ணு வேலை செய்யல" என்றார். எனக்கு எல்லாம் ஒரே சத்தமாகத்தான் கேட்டது. எதுவென்று கண்டுபிடிக்கும் முறையையும் அவரே சொன்னார். எஞ்சின் ஓடும்போது இன்ஜெக்டர் பைப் நட்டை ஒவ்வொன்றாகச் சற்றே தளர்த்த வேண்டும். முகத்தையும் கையையும் டீசல் பீச்சும் வழியில் வைக்கக் கூடாது. நல்ல சிலிண்டரைத் தளர்த்தினால் எஞ்சின் சத்தம் தடுமாறும். எதைத் தளர்த்தினால் மாற்றமே இல்லையோ, அதுதான் வேலை செய்யாதது. நாலாவதில் மாற்றமில்லை. நாசிலை மாற்றினோம். பிறகு ஆறும் ஒரே குரலில் பேசின.

அப்பா அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தார். பிறகு பழைய கதைகள் வந்தன. தொழிற்சாலையிலிருந்து வெறும் சேசிஸாக வரும் வண்டியை, கேபினும் கண்ணாடியும் இல்லாமல், மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்து, தலையில் துண்டு கட்டி ஓட்டி வந்த கதை. ஆசாரி, கொல்லர், டிங்கர், பெயிண்டர் நான்கு பேரும் சேர்ந்து அதற்கு உடம்பு கொடுத்த கதை. பவர் ஸ்டீரிங் இல்லாத காலத்தில் பாரம் ஏற்றிய வண்டியை வளைவில் திருப்ப, சீட்டை விட்டு எழுந்து நின்று இழுத்த கதை. எஞ்சின் சூடு காலைச் சுடாமல் இருக்க ஈரச் சாக்குப் போட்ட கதை. இந்தக் கதைகள் எனக்குத் தெரிந்தவைதான். ஆனால் எஞ்சின் ஓடும் சத்தத்தில் கேட்டது அதுவே முதல் முறை.

முடிவுரை

வண்டியை வைத்துக்கொண்டோமா என்று கேட்பீர்கள். இல்லை நண்பர்களே. ஆடி மாதம் கழிந்து, கிணற்று வேலைக் கம்ப்ரசருக்காக ஒருவர் எஞ்சினை ஓட்டிப் பார்த்து வாங்கிக்கொண்டார். ஆர்.சி. புத்தகத்தை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஒப்படைத்த பிறகு சேசிஸ் இரும்புக்குப் போனது. இரண்டும் சேர்ந்து, வியாபாரி முதலில் சொன்னதைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் வந்தது. என் கடைசி வருடக் கட்டணம் அதிலிருந்துதான் கட்டப்பட்டது. எஞ்சினைச் செயின் புல்லியில் தூக்கியபோது அப்பா செட்டுக்கு வரவில்லை. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, "கொக்கி சரியா மாட்டியிருக்குதா பாத்துக்கோ" என்று மட்டும் கத்தினார்.

இப்போது செட் காலியாக இருக்கிறது. வண்டி நின்ற இடத்தில் கருப்பு எண்ணெய்க் கறை மட்டும் உள்ளது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். படிப்பு என்பது பட்டறையை விட்டு வெளியே போகும் வழி என்றுதான் எல்லோரும் சொன்னார்கள், நானும் அப்படி நினைத்திருந்தேன். இப்போது எனக்கு வேறுமாதிரி தோன்றுகிறது. ஏழு என்ற கூட்டலை அப்பாவுக்குக் காட்டியது என் படிப்பு. ஆறு ஆடுகிறதா என்று பார்க்கச் சொன்னது அவர் படிப்பு. ஒன்று இல்லாமல் மற்றது அந்த எஞ்சினை எழுப்பியிருக்காது.

நம் ஆய்வகத்தில் வெட்டி வைத்த எஞ்சின் மாடல் ஒன்று உண்டு. சிவப்பும் பச்சையும் பூசி அழகாக இருக்கும், ஆனால் அது ஒருநாளும் ஓடாது. ஆகவே என் வேண்டுகோள் இதுதான். உங்கள் ஊர்ப் பட்டறைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போங்கள். அங்குள்ள பெரியவரிடம், "ஐயா, டேப்பட் எப்படிங்க கட்டறது?" என்று கேளுங்கள். அவர் சொல்வதை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அதில் ஒளிந்திருக்கும் கணக்கை அவருக்குச் சொல்லிக் கொடுங்கள்.

அப்பாவின் பில்லர் கேஜ் இப்போது என் பையில் இருக்கிறது. அதை மட்டும் விற்கவில்லை.